பாட்டு யாருக்குச் சொந்தம்? 1980-ல் வந்த 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பம் ஏன் இன்னும் பேசப்படுது?

ரீல்ஸ் பார்க்கும்போது ஒரே இசைத் துணுக்கு திரும்பத் திரும்ப ஓடுறதைக் கவனிச்சிருப்பீங்க. அதுதான் 'லூப்'. இன்னைக்கு அதுக்கு ஒரு ஆப் போதும். 1980-ல் அதைக் கையாலேயே வாசிச்சு முழு ஆல்பம் போட்டாங்க, நியூயார்க்கின் 'டாக்கிங் ஹெட்ஸ்' குழுவினர்.

யார் இவங்க?

டேவிட் பைர்ன், டீனா வேமவுத், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், ஜெரி ஹாரிசன் என நாலு பேர். பங்க் ராக்கின் சூட்டோடு கிளம்பி, புதுப்புது சத்தங்களைத் தேடிப்போன 'நியூ வேவ்' ராக்கின் முக்கியமான குழு. தயாரிப்பாளர் பிரையன் ஈனோ.

ஆல்பத்தில் என்ன புதுசு?

நைஜீரியக் கலைஞர் ஃபெலா குட்டியின் இசையை பைர்னுக்குப் போட்டுக் காட்டியவர் ஈனோ. அதில் ராக் பாட்டு மாதிரி ஒருத்தர் முன்னால் நிற்க, மத்தவங்க பின்னால் வாசிக்கிற கதை கிடையாது. சின்னச் சின்னத் தாளங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிட்டே போகும்.

இதைப் பிடிச்சுக்கிட்டு பஹாமாஸின் நாசாவ் நகர ஸ்டூடியோவுக்குப் போனாங்க. கையில் பாட்டு எதுவும் இல்லை. எல்லோரும் சேர்ந்து வாசிச்சு, நல்லா வந்த துண்டை மட்டும் எடுத்து, அதையே விடாம வாசிச்சு, அடுக்கடுக்காகப் பதிவு செஞ்சாங்க. வரிகள் கடைசியில்தான். வார்த்தை வராமல் திணறிய பைர்ன், ரேடியோவில் மதப் பிரசங்கிகள் பேசும் தோரணையைப் பிடித்தார். அப்படி வந்ததுதான் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'. பிரிட்டன் தரவரிசையில் 14-வது இடம் வரை போச்சு. முதன்முறை கேட்பவங்க அதிலிருந்தே தொடங்கலாம்.

அப்புறம் என்ன சண்டை?

கூடி உருவாக்கிய பாட்டுக்கு யார் பேர் போடுறது என்பதுதான். முதல் பதிப்பின் அட்டையில் பைர்ன், ஈனோ பேர்கள்தான் முன்னால் நின்றன. மத்தவங்களுக்குக் கோபம். பிந்தைய பதிப்புகளில் எல்லோர் பேரும் வந்தது, ஆனா அந்த மனக்கசப்பு லேசில் போகலை. 1991-ல் குழுவே கலைஞ்சது.

அப்போ ஆப்பிரிக்காவுக்கு?

நியாயமான கேள்விதான். பைர்ன் எதையும் மறைக்கலை. பத்திரிகைகளுக்குக் கொடுத்த குறிப்பிலேயே ஆப்பிரிக்க இசை பற்றிப் படிச்ச புத்தகங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஆனா பாட்டு கேட்டவங்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் பார்த்திருப்பாங்க?

பெனின் நாட்டுப் பாடகி ஆஞ்சலிக் கிட்ஜோ, 1983-ல் பாரிஸ் வந்த புதுசில் ஒரு விருந்தில் இந்தப் பாட்டைக் கேட்டு, 'இது எங்க ஊர் இசை'ன்னு சொல்லியிருக்கார். 'இல்லை, இது ராக்'னு அங்கிருந்தவங்க மறுத்திருக்காங்க. 2018-ல் அந்த எட்டுப் பாட்டையும் தன் பாணியில் பாடி, அதே தலைப்பில் ஆல்பமாகவே வெளியிட்டார் கிட்ஜோ. அதில் டிரம்ஸ் வாசிச்சவர்களில் ஒருவர் டோனி ஆலன். ஃபெலா குட்டியின் குழுவிலேயே வாசிச்ச அதே டோனி ஆலன்!