பந்தயத் தடமும் கிண்ணியா வீதியும்



திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடைப்பட்ட நிலத்திலே கிண்ணியா அமைந்துள்ளது. அதைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று குறிஞ்சாக்கேணி. நீரால் பிரிக்கப்பட்ட இப்பகுதியில் பயணம் என்பது இலேசான சொல்லன்று. 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குப் போவோர் ‘பாதை’ என்று ஊரார் கூறும் மிதவையையே நம்பியிருந்தனர். குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆந் திகதி, அங்கு ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் மாண்ட செய்தி நாடெங்கும் அறிந்ததே.

இத்தகைய ஊரிலே மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. வயலுக்குப் போவதும் அதில்தான். மீன்பெட்டி வருவதும் அதில்தான். பிள்ளை பள்ளிக்குப் போவதும் அதில்தான். ஆயினும் இன்று விற்பனைக்கு வரும் வண்டிகளுட் பல பந்தய வண்டியின் சாயலில் செய்யப்பட்டவை. அவற்றை வாங்கும் இளைஞர் சிலர் முதல் வேலையாகப் பின்புறத்து அதிர்வுதாங்கியின் வளையத்தைக் கடைசிப் படிவரை முறுக்கிவிடுகின்றனர். பந்தய வண்டி இறுக்கமாக இருக்கும், ஆகவே இறுக்கினால் வேகமும் பிடிப்பும் கூடும் என்பது அவர்களுடைய எண்ணம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, இதில் உண்மை எவ்வளவு என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்துக்கு வில்லே கிடையாது. ஆசனத்தின் கீழே மாத்திரம் சுருள்வில் இருக்கும். முன்சக்கரத்துக்கு ஏதோ ஒரு வில் அமைப்பு உண்டு. பின்புறத்துக்கும் வில் வைத்தால் வண்டி வளைவுகளில் நெளியும் என்று பந்தயக்காரர் உறுதியாக நம்பினர். நியாயமான அச்சந்தான். அக்காலத்துச் சட்டகங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல.

அந்த நம்பிக்கையை உடைத்த பந்தயம் 1935ஆம் ஆண்டில் மான் தீவில் நடந்தது. அங்கே மலைப் பாதையில் ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீற்றர். சாதாரண வீதிதான், மேடும் பள்ளமும் கல்மதிலும் உண்டு. நோட்டன் வண்டியில் ஜிம்மி கத்ரி முன்னணியில் இருந்தார். மோட்டோ குட்ஸி என்னும் இத்தாலிய வண்டியில், பின்சக்கரத்துக்கும் வில் பூட்டி, ஸ்டான்லி வூட்ஸ் ஓடினார். கடைசிச் சுற்றுக்கு முன் வூட்ஸ் எரிபொருள் நிரப்ப நிற்பார் என்று எதிரணியினர் நம்பும்படி அவருடைய ஆட்கள் எல்லா ஆயத்தங்களையும் செய்து காட்டினர். அவரோ நில்லாமல் பறந்துவிட்டார். முடிவில் 4 விநாடி வித்தியாசத்தில் வெற்றி அவருக்கே கிட்டியது. தந்திரத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் வில் பூட்டிய வண்டி வளைவில் நெளிந்து விழும் என்ற வாதம் அன்றோடு போயிற்று. மறுவருடமே நோட்டன் நிறுவனமும் தன் பந்தய வண்டியின் பின்புறத்துக்கு வில் பூட்டியது.

கரடான வீதியிலே மென்மை வென்றது என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். சக்கரம் தரையைத் தொடாத கணத்தில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை, திருப்பமும் இல்லை. வில்லின் முதற் கடமை ஓட்டுநரின் முதுகைக் காப்பதன்று. சக்கரத்தைத் தரையோடு சேர்த்து வைத்திருப்பதே.

ஆனால் வில் மட்டும் போதாது. அமுக்கிய வில் தான் வாங்கிய சக்தியைத் திருப்பித் தள்ளும். அதைத் தடுக்காவிடின் வண்டி பந்துபோலத் துள்ளும். முன்னாளில் உராயும் தட்டுகளைக் கொண்டு இத்துள்ளலைத் தணித்தனர். 1935ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம், ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைந்து இயங்க, உள்ளேயுள்ள எண்ணெய் சிறு துளைகளால் நெருக்குண்டு ஓடித் துள்ளலைத் தணிக்கும் முன்கவையை விற்பனை வண்டிகளில் பூட்டியது. இன்று கராஜ்களில் ‘போர்க்’ என்று நாம் சொல்வது அதன் வழிவந்ததே. யுத்தகாலத்தில், 1941இல், பிரித்தானிய இராணுவத்துக்கான மச்லெஸ் வண்டியிலும் இவ்வகைக் கவை வந்தது.

யுத்தத்தின் பின் பெல்பாஸ்ட் நகரத்து றெக்ஸ் மக்கண்ட்லெஸ் நோட்டனுக்கு ஒரு புதிய சட்டகத்தை வகுத்தார். பின்சக்கரத்தைத் தாங்கும் ஊசற்கரமும், எண்ணெய்த் தணிப்புள்ள இரண்டு அதிர்வுதாங்கிகளும் அதில் இருந்தன. அதை ஓட்டிப் பார்த்த ஹரல்ட் டேனியல் இறகு மெத்தைக்கு ஒப்பிட, அதுவே அதன் பெயராயிற்று. 1950இல் ஜெப் டியூக் அதில் மான் தீவுப் பந்தயத்தை வென்றார். பந்தய உலகின் ஒப்பற்ற சட்டகங்களுள் ஒன்றுக்கு மெத்தையின் பெயர் வாய்த்ததை, வளையத்தை முறுக்கும் நம் இளைஞர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஊசற்கரம் பந்தயத்தோடு நின்றுவிடவில்லை. அவ்வமைப்புள்ள றோயல் என்பீல்ட் புல்லட் வண்டி 1955 முதல் சென்னையிலும் உருவாகத் தொடங்கியது. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகளின் அதிர்வுதாங்கிகளில் மூன்று படியுள்ள வளையம் ஒன்று இருந்தது. தனியாள் போகும்போது ஒரு படி. பின்னால் ஆள் ஏறினால் வேறொரு படி. வளையத்தின் பிறப்பு இரகசியம் இதுதான்: அது வேகத்துக்காக வந்ததன்று, சுமைக்காக வந்தது. வளையத்தை முறுக்குவதால் வில் வலுப்பெறுவதில்லை. ஒரு மில்லிமீற்றர் அமுங்க எத்தனை கிலோ வேண்டுமோ அத்தனையே பின்னரும் வேண்டும். வண்டி நிற்கும் உயரந்தான் மாறுகிறது. இதை அறியாத மெக்கானிக்குகளையும் நான் கண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் பந்தயம் புதிதன்று. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. யுத்தகாலத்தில் அமைந்த கட்டுக்குருந்த விமானத் தளத்திலும் பந்தயங்கள் நடந்தன. தமிழ்நாட்டிலே சோழவரத்து விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் நடந்த பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தபின் அங்கே சென்றன. திருகோணமலையிலிருந்து எட்டிவிடும் தூரத்திலுள்ள மின்னேரியாவில் பீரங்கிப் படையினர் மண்தடப் பந்தயம் நடத்துவதுண்டு. தேயிலைத் தோட்டத்து மலைவீதி, சமதளமான ஓடுதளம், புழுதி மேடு: இம்மூன்றுக்கும் ஒரே அமைப்புப் பொருந்துமா? ஆகவே ‘பந்தய அமைப்பு’ என்று ஒன்று கிடையாது. அந்தந்தத் தடத்துக்கான அமைப்பே உண்டு. சமதளத் தடத்தில் வண்டி கடுமையாகப் பிரேக் பிடித்து மூக்குக் குத்தும். அதைத் தாங்கவே அங்கு இறுக்கம் வேண்டும். மண்தடத்துக்கோ சக்கரம் நீண்ட தூரம் ஏறி இறங்க வேண்டும். பெல்ஜியத்து லூசியன் டில்கென்ஸ் வகுத்த ஒற்றை அதிர்வுதாங்கியை யமஹா பூட்ட, ஹாகன் ஆண்டர்சன் அதில் 1973ஆம் ஆண்டின் உலகப் பட்டத்தை வென்றது மண்தடத்திலேதான். இன்று வீதி வண்டிகளின் ஆசனத்தடியே ஒளிந்திருக்கும் ஒற்றைத் தாங்கி அங்கிருந்து வந்தது.

இனி நம் வீதிக்கு வருவோம். காப்பெட் வீதியில் ஓடிவந்து, சட்டென்று கிறவல் ஒழுங்கைக்குள் திரும்பும் வண்டிக்கு என்ன வேண்டும்? ஓர் அளவு நாடாவும் இரண்டு துணையாட்களும் இருந்தால் விடை கிடைக்கும். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்க வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே ஆசனத்தடியில் ஓரிடம்வரை அளக்க வேண்டும். பின்னர் ஓட்டுநர் வழக்கமான உடையோடும் தலைக்கவசத்தோடும் ஏறி அமர, மீண்டும் அளக்க வேண்டும். வித்தியாசமே அமிழ்வு. சக்கரத்தின் முழு அசைவு 120 மில்லிமீற்றரானால், வீதிக்கு அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 36 மில்லிமீற்றர் அளவில் அமிழ்வது நன்று. பந்தயத் தடத்துக்கு 30 போதும். கடைசிப் படிவரை முறுக்கிய வண்டி, இளைத்த ஓட்டுநர் ஏறினால் சிறிதே அமிழும். அப்போது பள்ளம் வந்தால் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தேட இடமில்லை. மணல் படிந்த வளைவில் அதுவே ஆளை வீழ்த்தும்.

தணிப்பை மாற்றும் திருகாணியும் உள்ள வண்டியானால், மாற்றுமுன் அது எந்த அளவில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மீளும் வேகத்தை அதிகமாகத் தடுத்தால், அடுத்தடுத்து வரும் பள்ளங்களில் வில் மீள நேரமின்றி அமுங்கியபடியே போகும். ஓட்டுநரோ வண்டி இறுகிவிட்டதென்று மகிழ்வார். தடுப்புக் குறைந்தால் துள்ளும்.

காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தனியே திரும்புபவர், ஒவ்வொரு முறையும் சாவியெடுத்து வளையத்தைத் திருப்பமாட்டார். அதை எதிர்பார்ப்பதும் தவறு. அவருக்கு நடுப்படி ஒன்றே போதும். மீன்பெட்டி ஏற்றும் நாளில் ஒரு படி கூட்டி, இறக்கியபின் மறவாமல் குறைத்துக்கொள்ளட்டும். ரயரின் காற்றை மட்டும் கிழமைக்கு ஒருமுறை பார்த்து வரட்டும். காற்றுக் குறைந்த ரயரின் மேல் எந்த அளவை எடுத்தாலும் அது பொய்க்கும்.