கொசுவின் வயிற்றுக்கு ஒரு தடுப்பூசி

மலேரியாத் தடுப்பூசிகளில் ஒரு வகை, போட்டுக்கொண்டவரைக் காப்பதில்லை. அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகாமல் தடுக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் திரியும் ஒட்டுண்ணியின் ஆண், பெண் அணுக்கள் கொசுவின் வயிற்றுக்குள் போன பிறகே ஒன்றோடொன்று கூடுகின்றன. ரத்தத்தோடு எதிர்ப்பொருளும் உள்ளே போனால் அந்தக் கூடல் நடப்பதில்லை.

1976இல் குவாட்ஸ், கார்ட்டர் ஆகியோரின் ஆய்வுகள் இதைக் கோழிகளிடம் நிறுவின. அதற்குப் பயன்பட்ட கோழி மலேரியா, 1930களில் இலங்கைக் கோழியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இனம். மனித மலேரியாவில் இதே கேள்விக்கு விடை தேடியவர்களும் இலங்கையில்தான் இருந்தார்கள்.

1987இல் அந்தத் தீவில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் காமினி மெண்டிஸின் குழு விவாக்ஸ் மலேரியாவை ஆராய்ந்தது. விவாக்ஸ் ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியாது. நோயாளியின் ரத்தமே வேண்டும். அடியில் மெல்லிய சவ்வு கட்டி, சுற்றிலும் வெதுவெதுப்பான நீர் ஓடும் கண்ணாடிக் குப்பியில் அந்த ரத்தத்தை ஊற்றுவார்கள். பட்டினி போட்ட பெண் கொசுக்கள் சவ்வைத் தோலென்று நம்பிக் குத்திக் குடிக்கும். ஒரு வாரம் கழித்து அவற்றின் வயிற்றைப் பிரித்தெடுத்து, சுவரில் கிளம்பிய கொப்புளங்களை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். கொப்புளம் இல்லையென்றால் பரவலும் இல்லை.

நோயாளிகள் பலரது உடலில், பரவலைத் தடுக்கும் இந்த ஆற்றல் தானாகவே உண்டாகியிருந்தது. நான்கு மாதத்துக்குள் மறுபடி காய்ச்சல் கண்டவர்களிடம் அது வலுத்தது. ஆனால் 1988இல் வெளியான முடிவு சங்கடமானது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், பின்னாளில் சார்ஸ் ஆய்வால் உலகறிந்த மாலிக் பீரிஸ். எதிர்ப்பொருள் செறிவாக இருந்தால் ஒட்டுண்ணியைத் தடுக்கிறது. மிக நீர்த்துப்போனாலோ அதற்கே துணைபோகிறது. வீரியம் நாளடைவில் குறையும் ஒரு தடுப்பூசிக்கு இதைவிடக் கசப்பான சேதி கிடையாது.

அதன்பின் பிஎஃப்எஸ்25, பிஎஃப்எஸ்230 ஆகிய ஒட்டுண்ணிப் புரதங்களைக் கொண்ட ஊசிகள் மாலி நாட்டில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. இலங்கை காத்திருக்கவில்லை. மருந்துத் தெளிப்பு, கொசுவலை, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றாலேயே 2012 அக்டோபரில் அங்கு உள்ளூர்த் தொற்று நின்றது. மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2025இல் அறிவித்த அட்ஃபால்சிவாக்ஸ் என்ற தடுப்பூசி, புவனேஸ்வரத்தில் உருவானது. அதில் பரவலைத் தடுக்கும் புரதத் துண்டுகளோடு, ஊசி போட்டுக்கொண்டவரையே காக்கும் இன்னொரு புரதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.