ஓவர்ஹால் முடிந்தும் ராக்கருக்கு எண்ணெய் ஏறவில்லையா?

கேஜ் முள் 50 பி.எஸ்.ஐ.யில் நிற்கிறது. இன்ஜின் சத்தத்திலும் குறை இல்லை. ஆனால் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ராக்கர் கைகள் காய்ந்து கிடக்கின்றன. பாடாங் செராய் பக்கம் செம்பனைக் குலை இழுக்கும் என் மாமாவின் டிராக்டருக்கு ஓவர்ஹால் முடிந்த அன்று இதுதான் நடந்தது. “முள் ஏறிடுச்சு, ஓட ஓட எண்ணெய் மேல வந்துடும்” என்றார் பட்டறைக்காரர். மாமா சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட்டார். அன்று அவர் செய்த நல்ல காரியம் அதுதான்.

வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கவில்லை என்றால் தரம் இறங்கிவிடும். வயல் பக்கம் மாடா நிறுவனத்தின் நீர் அட்டவணைப்படி உழவு முடிந்தாக வேண்டும். இந்த அவசரத்தில்தான் பலர் சந்தேகத்தோடே வண்டியைக் கிளப்பி, புதிதாகப் போட்ட பேரிங்கையும் கேம்ஷாஃப்டையும் ஒரே நாளில் இழக்கிறார்கள்.

கெடா தோட்டங்களில் மூத்தவர்களுக்கு நன்கு பழக்கமானது மாஸி ஃபெர்குசன் 135. 1964 இறுதியில் அறிமுகமான இந்த வண்டியின் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் பெர்கின்ஸ் ஏ.டி.3.152. இதே குடும்ப இன்ஜின்களைச் சென்னை செம்பியத்தில் உள்ள சிம்ப்சன் நிறுவனமும் தயாரித்ததால், பழைய வண்டியானாலும் உதிரிப் பாகத்துக்குப் பெரிய பஞ்சம் இல்லை. இன்ஜின் சூடாகி முழு வேகத்தில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 30 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்பது இதற்கான கணக்கு. கீழே சொல்லப்படுவது பெரும்பாலும் மற்ற பழைய டீசல் டிராக்டர்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. பம்ப் சம்ப்பிலிருந்து உறிஞ்சும் எண்ணெய் ஃபில்டர் வழியாக மெயின் கேலரிக்குப் போகிறது. அங்கிருந்து கிராங்க் பேரிங்குகளுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் பிரிகிறது. கேஜ் காட்டுவது அந்தக் கேலரியின் அழுத்தத்தை மட்டுமே. அதற்கு மேலே ஒரு துளை அடைபட்டிருந்தால் முள் இறங்காது. குழாயை மூடினால் தண்ணீர்த் தொட்டி நிரம்பித்தானே இருக்கும்!

எனவே, முள் ஏறியும் மேலே எண்ணெய் இல்லை என்றால் சம்ப்பைக் கழற்ற ஓட வேண்டாம். கோளாறு கேலரிக்கும் ராக்கர் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கிறது. இத்தகைய பல இன்ஜின்களில் மேலே போகும் எண்ணெய் கேம்ஷாஃப்டின் ஒரு கழுத்து வழியாகத்தான் ஏறுகிறது. கேம் சுற்றும்போது துளையும் துளையும் நேர்ப்படும் நொடியில் மட்டும் கொஞ்சம் ஏறும். ஆகவே ராக்கரில் எண்ணெய் பீய்ச்சி அடிக்காது; கசிந்து வழியும். மெதுவோட்டத்தில் அதுவும் குறைவாகவே இருக்கும். இது தெரியாமல் நல்ல இன்ஜினைப் பிரித்தவர்களும் உண்டு.

சோதிப்பது எளிது. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, இன்ஜின் பற்றிக்கொள்ளாமல் ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்ற விடுங்கள். முன்னதாகத் தள்ளுகம்பிகளை வெளியே எடுத்துவிடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் உள்ள எண்ணெய்த் துளையில் விட்டு விட்டு எண்ணெய் ஊறினால் அதுவரை பாதை சரி. அடைப்பு ராக்கர் ஷாஃப்டிலோ அதன் தாங்கியிலோதான். துளை காய்ந்தே இருந்தால் ஹெட்டைத் தூக்காமல் வேறு வழியில்லை.

ஹெட்டைத் தூக்கினால் பார்க்க வேண்டியவை சில. ஹெட் கேஸ்கட்டில் எண்ணெய்த் துளை இருக்கிறதா, அது பிளாக்கின் துளைக்கு நேராக நிற்கிறதா? கேஸ்கட்டைத் தலைகீழாகப் போடக்கூடாது என்பதற்காகவே பலவற்றில் ‘டாப் ஃபிரண்ட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கேம்ஷாஃப்ட் புஷ் மாற்றப்பட்டிருந்தால் புஷ்ஷின் துளை திரும்பி நிற்கலாம். அது ஹெட்டோடு முடியும் வேலை அல்ல. மாமாவின் வண்டியில் காரணம் இதைவிட அற்பமானது. கேஸ்கட்டுக்குப் பூசிய பசை பிதுங்கி, சிலிண்டர் ஹெட்டின் துளைக்குள் போய்க் காய்ந்திருந்தது. ஒரு மெல்லிய கம்பியால் அதைக் குத்தி எடுத்தார்கள். புதுக் கேஸ்கட்டுக்கும் ஒரு நாள் கூலிக்கும்தான் செலவு.

சில பெர்கின்ஸ் இன்ஜின்களில் ராக்கர் ஷாஃப்டின் முனையில் ஒரு வெட்டு இருக்கும். ஷாஃப்டைத் திருப்பினால் எண்ணெயின் அளவு கூடும், குறையும். கழற்றும் முன் அந்த வெட்டு நின்ற திசையைக் குறித்து வையுங்கள். நிறைய எண்ணெய் நல்லதுதானே என்று முழுக்கத் திறந்துவிட்டால், வால்வு கைடு வழியாக எண்ணெய் இறங்கி நீலப் புகை கக்கும்.

இன்னொரு கைவைத்தியமும் நம் பட்டறைகளில் நடக்கிறது. கேஜ் துளையிலிருந்து செம்புக் குழாய் ஒன்றை வெளியே இழுத்து, நேரே ராக்கர் மூடிக்குள் விட்டுவிடுவது. மேலே எண்ணெய் கொட்டும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளை அந்தக் குழாயில் இல்லாததால் கிராங்குக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. என்னைக் கேட்டால், இது நோயை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஊசி போடுகிற வேலை.

முள் அசையவே இல்லை என்றால் கதை வேறு. முதல் 10, 15 விநாடிகளில் அழுத்தம் வராவிட்டால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். முதலில் வேறொரு நல்ல கேஜை மாட்டிப் பாருங்கள். சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டியில் விளக்கு அணைந்ததை நம்ப முடியாது. மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அது அணைந்துவிடும். கேஜ் சரி என்றால் பெரும்பாலும் பம்ப் காய்ந்திருக்கும். காய்ந்த பம்ப் காற்றைத்தான் சுற்றும். பூட்டும் முன்பே பம்ப்புக்குள் எண்ணெயோ வேசலினோ நிரப்பியிருக்க வேண்டும். கிரீஸ் வேண்டாம், அது சீக்கிரம் கரையாது. பம்ப்பும் சரி என்றால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுகிறதா, ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, கேலரியின் முனை அடைப்பான்களில் ஒன்றைப் போட மறந்தார்களா என்று பார்க்க வேண்டும். மெயின் பேரிங் ஷெல்களில் துளை உள்ள பாதி பிளாக் பக்கம் வர வேண்டும். கீழ் மூடியில் மாற்றிப் போட்டால் முள் காட்டிக்கொடுக்காது. அந்தக் கழுத்துக்கு மட்டும் எண்ணெய் போகாமல் கருகிவிடும்.

குளிரில் 50 காட்டி, சூடானதும் 15க்கு இறங்கினால் பேரிங் இடைவெளி அதிகம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. அல்லது எண்ணெயில் டீசல் கலந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறினாலோ டீசல் வாடை அடித்தாலோ ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் சீல் போயிருந்தாலும் இதே கதிதான். இந்த நிலையில் கெட்டியான எண்ணெயை ஊற்றி முள்ளை ஏற்றுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

மலாயில் இன்ஜின் எண்ணெயை ‘மின்யாக் ஹித்தாம்’, அதாவது கறுப்பெண்ணெய் என்கிறார்கள். எள்ளின் நெய்யே எண்ணெய் என்று படித்த எனக்கு அந்தப் பெயர் முதலில் வேடிக்கையாக இருந்தது. டீசல் இன்ஜினில் பொன்னிறமாக ஊற்றிய எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும். அது புகைக்கரி, கோளாறு அல்ல. பயப்பட வேண்டியது எண்ணெயில் மினுமினுக்கும் உலோகத் துகளுக்குத்தான்.

கிராங்கைக் கடைசலுக்கும் பிளாக்கைப் போரிங்குக்கும் அனுப்பினால், திரும்பி வரும்போது எண்ணெய்ப் பாதைகளில் இரும்புத் தூள் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பான்களைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு டீசலால் கழுவி, காற்றடித்த பிறகே பூட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் பட்டறையிலேயே நில்லுங்கள். முதல் எண்ணெயை முழு நாள் கணக்குக்கு விடாமல் 20, 25 மணி நேர ஓட்டத்திலேயே வடித்துவிட்டு, பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். புது ஃபில்டரைப் போடும்போது பழைய ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் சில நிமிடங்களில் சம்ப் முழுவதும் தரையில் கொட்டிவிடும்.