எவர் செய்த பாவம்?

உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்து, பால் குடிக்கையில் மூச்சிரைத்து வாடும் மகவை ஏந்தி நிற்கும் தாயை நோக்கி, ‘யார் செய்த பாவமோ!’ என்று ஊரார் பெருமூச்செறிவதுண்டு. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையூர்களிலும் இச்சொல் என் செவியில் விழுந்திருக்கிறது. அது எவர் பாவமும் அன்று. கருவில் இதயம் உருவாகும்போது நேரும் குறை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு இதயக் குறை ஏதேனும் ஒன்று உண்டு.

இதனைத் தீர்க்க மாந்தர் கடந்து வந்த பாதை நெடிது. 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், நீலம் பாய்ந்த பதினைந்து மாதப் பெண்குழந்தையின் கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார் ஆல்ஃபிரட் பிளாலாக். அவ்வழியை எண்ணித் தந்தவர் ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர். ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து தேறி, அன்று பிளாலாக்கின் பின்னே நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவராகையால் நெடுங்காலம் உரிய புகழ் பெறாதவர். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது.

1954இல் மினியாபொலிஸ் நகரில் வால்டன் லில்லஹை, குழந்தையின் இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்கும் வேளையில் அதன் குருதியோட்டத்தைத் தந்தையின் உடலோடு இணைத்தார். ஓர் இதயம் இரு உயிர்களைத் தாங்கியது. அம்மகவும் பிழைக்கவில்லை. ஆயினும் இம்முறையில் சிகிச்சை பெற்ற 45 பேருள் 28 பேர் வீடு திரும்பினர்.

நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். 1961இல் அங்கேயே இந்தியாவின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைகளுள் ஒன்று நிகழ்ந்தது.

இன்று சிறு ஓட்டைகள் பல தாமே மூடிக்கொள்கின்றன. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றை உரிய காலத்தில் சீராக்கலாம். தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. 2022 முதல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் காலம் கடந்தால், பெரிய ஓட்டை நுரையீரல் நாளங்களை மீளாதபடி இறுக்கிவிடும். பின்னர் கைதேர்ந்த மருத்துவரும் ஓட்டையை அடைக்க இயலாது.

ஆகவே, எஞ்சியிருப்பது மலையூருக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தொலைவே. பாவத்தைத் தேடி நாம் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அத்தொலைவை நீட்டுகிறது. நீலம் பாய்ந்த உதட்டைக் கண்டதும், ‘யார் பாவம்?’ என வினவாது, ‘வா தாயே, நானும் உடன் வருகிறேன்’ என்று புறப்படுவோமா?