தலைதட்டி ஒரு படி

ஒரு கப் மைதா எத்தனை கிராம்? 120 என்கிறது ஒரு கேக் குறிப்பு, 150 என்கிறது இன்னொன்று. இரண்டும் சரிதான். மாவை ஸ்பூனால் மெதுவாகப் போட்டு மேலே வழித்தால் 120க்குப் பக்கத்தில் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150ஐத் தொடும். நாலு கப் கேக்கில் வித்தியாசம் 120 கிராம், அதாவது முழுசா ஒரு கப் மாவு. கேக் செங்கல் மாதிரி வந்தா அடுப்பைத் திட்டுவோம்.

ஆக, கொள்ளளவை எடையாக மாற்ற ஒரு எண் மட்டும் போதாது, எப்படி நிரப்பினோம் என்ற விதியும் வேண்டும். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் புத்தகம் வழித்த அளவை வலியுறுத்தியதால்தான் பிரபலமானது. நம்மிடம் அந்த விதிக்குத் தனிச் சொல்லே உண்டு: தலைதட்டுதல்.

பழைய வாய்ப்பாட்டைப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. சுத்தமான பைனரி! தராசே இல்லாத வீட்டிலும் பாதி பாதியாகப் பிரித்துவிடலாம். ஆனால் படி நிறைந்த பிறகு மேலே குவியும் கோபுரம் யாருக்கு? வாய் அகலமான படியில் குவியலும் பெரிசு. வாங்கும்போது குவித்து, கொடுக்கும்போது தலைதட்டினால் படியைத் திருத்தாமலே லாபம் பார்க்கலாம். பிரிட்டன் 1830களில் குவித்து அளப்பதைச் சட்டம் போட்டே நிறுத்தியது.

சோழர் காலத்திலேயே அளவு நம்பிக்கை சார்ந்த விஷயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்ற மரக்காலைக் குறிப்பிடும்போது, அது 'ராஜகேசரி'க்குச் சமம் என்றும் சேர்த்தே சொல்கின்றன. யூனிட்டோடு அதன் ரெஃபரன்ஸும் கல்லில் இருக்கிறது.

கூலியும் நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். படி என்பது வெறும் பாத்திரம் இல்லை.

திருத்தணிப் பக்கம், கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில், மாற்றங்கள் மொத்தமாக வந்து இறங்கின. 1957இல் அணா போய் நயா பைசா வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி 1958 முதல் கிலோ படிப்படியாக நுழைந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. தமிழில் ஆழாக்கும் படியும், தெலுங்கில் சோலயும் மானிகயும் புழங்கிய எல்லைப்புறத்தில், சில வருஷத்துக்குள் காசு, எடை, மாநிலம் மூன்றும் மாறின.

சட்டம் மாறினாலும் வாய் மாறவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது கிலோவில் இல்லை, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான். மக்களுக்குப் பசி படிக்கணக்கில்தான் புரிந்தது.

வீட்டுக்குள் இன்றும் ஆழாக்கும் டம்ளரும் ஜெயிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. டம்ளர் எந்த சைஸா இருந்தா என்ன, ஒரே கை ஒரே டம்ளரில் அளந்தால் விகிதம் மாறாது. அந்தக் குறிப்பு வீட்டை விட்டு வெளியே போகும்போதுதான் சிக்கல். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய 'ஒரு கப்'பில் அவருடைய கையும் தலைதட்டும் வழக்கமும் நமக்கு வந்து சேர்வதில்லை. தெரிந்தவரின் கைக்கு டம்ளர் போதும், தெரியாதவரிடமிருந்து வரும் மாவுக்குத்தான் கிராம் வேண்டும்.