நாய்களின் முதுமை மூட்டழற்சி

நாய்களின் முதுமை மூட்டழற்சி என்பது மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு சிறிது சிறிதாகத் தேய்வதாலும், அதனுடன் மூட்டுறையில் அழற்சி ஏற்படுவதாலும் உண்டாகும் நாட்பட்ட நோய் ஆகும். இது மூட்டுத் தேய்வு என்றும், பேச்சு வழக்கில் மூட்டுவாதம் என்றும் அழைக்கப்படுகின்றது. இடுப்பு, முழங்கால், முன்னங்காலின் முழங்கை ஆகிய மூட்டுகளில் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாது. எனினும் வலியைக் கட்டுப்படுத்தி, உடல் எடையைக் குறைத்து, தசைகளை வலுப்படுத்தினால், எழுந்து நிற்கவே தடுமாறிய நாய் மீண்டும் நடமாடுவது உண்டு. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று எண்ணி விட்டுவிடுவதால் பல நாய்கள் தீர்க்கத்தக்க வலியுடனேயே இறுதிக் காலத்தைக் கழிக்கின்றன.

நோய் உண்டாகும் விதம்

குருத்தெலும்பில் குருதிக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. குருதி இல்லாமையால் தேய்ந்த பகுதி எளிதில் வளர்வதில்லை. நரம்பு இல்லாமையால் தேய்வின் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. வலி பின்னர் மூட்டுறையிலிருந்தும் குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் எழுகின்றது. ஆகவே நாய் நொண்டத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

மனிதரில் இந்நோய் பெரும்பாலும் முதுமையின் விளைவு. நாய்களிலோ இளமையிலேயே மூட்டில் இருந்த குறையே பல வேளைகளில் முதற்காரணம். இலாப்ரடார், செருமன் செப்பர்டு போன்ற இனங்களில் இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் சரிவரப் பொருந்தாமல் வளர்வது பரம்பரையாக வரும் குறைபாடு ஆகும். முழங்கால் தசைநார் அறுதல், பழைய எலும்பு முறிவு ஆகியவையும் காரணமாகின்றன. உடற்பருமன் இவை அனைத்தையும் விரைவுபடுத்துகின்றது.

அறிகுறிகள்

நாய் வலியால் கத்துவது அரிது. படுத்தெழும்போது சில அடிகள் விறைப்பாக நடந்து பின்னர் இயல்பாவது முதல் அறிகுறி. திண்ணையில் ஏறத் தயங்குதல், இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயல்போல் தாவுதல், ஒரே மூட்டை ஓயாது நக்குதல், தொடைத் தசை மெலிதல், தொட்டால் சீறுதல் ஆகியவையும் உண்டு. முன்னங்காலில் வலி இருப்பின், அக்கால் தரையில் ஊன்றும்போது தலை மேலே தூக்கப்படும். எப்போதும் வாயிலுக்கு ஓடி வரும் நாய் படுத்த இடத்திலிருந்தே வாலாட்டுவதைப் பலர் முதுமைக்குரிய அமைதி எனத் தவறாகக் கொள்கின்றனர்.

கொல்லிமலையின் சூழல்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. இதன் ஊர்கள் பல கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளன. இங்கு நாய் வீட்டுக்கும் மிளகு, காப்பித் தோட்டங்களுக்கும் காவல். அதன் அன்றாட நடை முழுவதும் சரிவிலேயே நிகழ்கின்றது. ஏறும்போது உடற்சுமை பின்னங்கால்களுக்கும், இறங்கும்போது முன்னங்கால்களுக்கும் கூடுதலாக மாறும். இடுப்பு மூட்டு தேய்ந்த நாய் ஏற்றத்தில் நிற்பதும், முழங்கை தேய்ந்த நாய் இறக்கத்தில் தயங்குவதும் இதனாலேயே. எவ்விடத்தில் நாய் தடுமாறுகின்றது என்பதைக் கவனித்துச் சொல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

மலையடிவாரத்தை அடுத்த சமவெளியில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. இது 1903 இல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கு அடுத்ததாக, 1985 இல் தமிழ்நாட்டில் தோன்றிய இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகும். 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றது. இங்குள்ள மருத்துவமனையில் மாணவர்கள் பயிற்சி பெறுகின்றனர்.

காரவள்ளி வழியாக இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நாயை வெறும் வயிற்றுடன், வழுக்காத தடித்த விரிப்பின் மீது படுக்க வைத்து அழைத்துச் செல்வது நன்று. மருத்துவமனைப் பரபரப்பில் நாய் நொண்டலை மறைத்து நேராக நடந்துவிடுவது உண்டு. எனவே காலையில் எழுந்து நடப்பதைக் கைப்பேசியில் நிகழ்படமாக எடுத்துச் செல்வது பயனுடையது.

நோயறிதல்

மருத்துவர் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டிப் பார்ப்பார். ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு முட்கள் தென்படலாம். ஆனால் படத்தில் காணும் சேதமும் நாய் உணரும் வலியும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சலை முதலில் விலக்க வேண்டும். உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் பல மூட்டுகளில் ஒருங்கே வலியை உண்டாக்கும். அதற்குத் தேவை டாக்சிசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியே. எலும்புப் புற்று, தண்டுவட நோய் ஆகியவையும் நொண்டலாகத் தோன்றக்கூடும்.

சிகிச்சை

எடைக் குறைப்பு. மருந்துகளைப் பற்றியே பலரும் வினவுகின்றனர், ஆயினும் மிக உறுதியான சான்று எடைக் குறைப்புக்கே உள்ளது. 2002 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 48 இலாப்ரடார் நாய்கள் குட்டிப் பருவம் முதல் இறுதிவரை இணை இணையாக வளர்க்கப்பட்டன. ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு உணவு 25 விழுக்காடு குறைவு. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டழற்சிக்குச் சிகிச்சை தேவைப்படும் வயதும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. பருத்த நாய் தன் எடையில் 6 விழுக்காட்டிற்குச் சற்று மேல் இழந்தாலே நொண்டல் குறைவதாக 2010 இல் வெளியான ஒரு சிற்றாய்வு காட்டியது. 30 கிலோ நாய்க்கு இது இரண்டு கிலோவிற்கும் குறைவு. மீந்த சோற்றைக் கொட்டுவதை நிறுத்துவதே பல வீடுகளில் முதற்படி.

வலிநிவாரணிகள். ஊக்கமருந்து அல்லாத அழற்சி எதிர்ப்பிகளான மெலோக்சிகாம், கார்புரோபென் ஆகியவை முதன்மையானவை. இவற்றின் அளவு நாயின் எடைக்கேற்பக் கணிக்கப்படும். உணவுடன் கொடுக்க வேண்டும். நெடுநாள் கொடுப்பதாயின் ஈரல், சிறுநீரகச் செயற்பாட்டைக் குருதிச் சோதனையால் பார்த்துவர வேண்டும். வாந்தி, கறுத்த மலம், உணவு மறுத்தல் தோன்றினால் மருந்தை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஊக்கமருந்துகளுடன் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் உண்டாகி ஓட்டை விழவும் கூடும்.

மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. மருத்துவர் தொலைவில் உள்ள மலையூர்களில் கையிலிருப்பதைக் கொடுக்கும் தூண்டுதல் மிகுதி. ஐபுபுரோபென், டைக்குளோபினாக் ஆகியவை சிறிய அளவிலேயே நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்குளோபினாக்கை விலங்கு மருத்துவத்தில் பயன்படுத்துவதை இந்தியா 2006 இல் தடை செய்தது நாய்களுக்காக அன்று. அம்மருந்து ஏற்ற கால்நடைகளின் பிணங்களை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்ததே காரணம். மாற்றாக முன்னிறுத்தப்பட்டது மெலோக்சிகாம்.

வலி மீதமிருந்தால் கேபாபென்டின் போன்றவை சேர்க்கப்படும். பெடின்வெட்மாப் என்னும் மாதாந்திர ஊசி, வலியை உணர்த்தும் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கின்றது. இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 இலும் அமெரிக்காவில் 2023 இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2024 திசம்பரில் இதன் பக்கவிளைவுகள் குறித்துக் கால்நடை மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

இயக்கப் பயிற்சி. குருத்தெலும்பு மூட்டு நீரிலிருந்தே ஊட்டம் பெறுகின்றது. அந்நீர் உட்செல்ல அசைவு தேவை. ஆகையால் நாயைக் கட்டியே வைத்தல் நோயை வளர்க்கும். ஒரே நீண்ட நடைக்கு மாறாக, கயிற்றில் பிடித்து நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, சமதரையில் பத்து மணித்துளி நடத்துதல் போதும். வலி தணிந்த மகிழ்ச்சியில் நாய் ஓட முற்படும். முதல் வாரங்களில் அதனைத் தடுப்பதே கடினம்.

துணை உணவுகள். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களுக்கு ஓரளவு சான்று உள்ளது. பரவலாக விற்கப்படும் குளுக்கோசமின், காண்டிராய்டின் கலவை பயன் தருவதாகத் தெரியவில்லை என 2022 இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது.

கொல்லிமலையில் மூட்டு வலிக்கு முடவாட்டுக்கால் கிழங்குச் சாறு பெயர் பெற்றது. பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் மயிர் மூடிய தண்டே இக்கிழங்கு எனப்படுவது. இச்சாற்றில் வழக்கமாகச் சேரும் வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதியணுக்களைச் சிதைப்பவை. வீட்டிலுள்ளோர் குடித்ததில் மீந்ததை நாய்க்கு ஊற்றக்கூடாது.

அறுவை சிகிச்சை. மருந்துக்கு அடங்காத இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலையை நீக்குதல், அறுந்த முழங்கால் தசைநாருக்கு எலும்பை வெட்டிச் சீரமைத்தல் ஆகியவை செய்யப்படுகின்றன.

வீட்டில் செய்யத்தக்கவை

வழவழப்பான தரையில் கோணிச் சாக்கு விரித்தல், வாயிற்படிக்குச் சாய்பலகை வைத்தல், நகங்களை வெட்டுதல் ஆகியவை செலவில்லாதவை. மார்கழி, தை மாதக் குளிரில் வெறுந்தரையில் படுக்கவிடாது, வைக்கோல் அடைத்த தடித்த படுக்கை தருதல் நலம்.

முன்னேற்றத்தை மதிப்பிடுதல்

வளர்ப்போர் விருப்பம் கண்ணை ஏமாற்றும். 2012 இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற நாய்களும் தேறியதாக உரிமையாளர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு வேளைகளில் கருதினர். ஆகவே சிகிச்சை தொடங்குமுன், நாய் செய்ய இயலாத இரண்டு மூன்று செயல்களைக் குறித்துவைப்பது வழக்கம். திண்ணை ஏறுதல், கிணற்றடி வரை நடத்தல் போன்றவை அத்தகையன. நான்கு வாரம் கழித்து அதே செயல்களை மீண்டும் பார்த்து, மருந்தின் அளவு கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும்.