நாரியில் தொடங்கிக் காலில் இறங்கும் வலி: சியாட்டிக்காவை அறிந்துகொள்வோம்

காலையில் முகம் கழுவக் குனியும்போது நாரியில் சுள்ளென்று பிடிக்கிறது. அங்கிருந்து பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல வலி இறங்குகிறது. பலர் இதைக் கால் வருத்தம் என்று எண்ணிக் காலுக்கே எண்ணெய் பூசுகிறார்கள். ஆனால் வலி காலில் தெரிந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் முள்ளந்தண்டில்தான் இருக்கிறது.

ஏன் ஏற்படுகிறது?

சியாட்டிக் நரம்பு நமது உடலிலுள்ள மிகத் தடித்த நரம்பு. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் இணைந்து இது உருவாகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் தட்டு பிதுங்கி, இவ்வேர்களில் ஒன்றை அழுத்துவதே வலிக்கு முக்கிய காரணம். வயது கூடும்போது நரம்பு செல்லும் வழி ஒடுங்குவதாலும் இது வரலாம்.

அறிகுறிகள்

* பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வலி, எரிவு
* விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு
* இருமும்போதும் தும்மும்போதும் நெடுநேரம் இருக்கும்போதும் வலி கூடுதல்
* பாதத்தைத் தூக்கி வைக்க முடியாத பலவீனம்

இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி எரிவு இருந்தால் அது நீரிழிவினாலும் வரலாம். இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்ப்பது நல்லது.

போரில் காயப்பட்டவர்கள் கவனிக்க

இடுப்பிலோ பிட்டத்திலோ தொடையிலோ எறிகணைச் சிதறல் பட்டவர்களுக்கு நரம்பே நேரடியாகச் சேதமடைந்திருக்கலாம். காயம் ஆறிய தழும்பும் நரம்பை இறுக்கலாம். செயற்கைக் காலின் உயரம் பொருந்தாவிட்டால் நடை சரிந்து நாரியில் சுமை ஏறும். அதைச் சரிபார்க்க வேண்டும்.

உடலில் உலோகத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். அதன் வலுவான காந்தம் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். துண்டு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். எப்போது, எப்படிக் காயம் வந்தது என்று சொல்ல விருப்பமில்லாவிட்டாலும், "உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும்.

என்ன செய்யலாம்?

தட்டுப் பிதுக்கத்தால் வரும் வலி பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை இன்றியே 6 முதல் 12 வாரங்களில் தணிகிறது. நாட்கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதல்ல. வலி தாங்கக்கூடிய அளவில் நடக்க வேண்டும். தண்ணீர்க் குடம், விறகு, மூட்டை போன்றவற்றை நாரியை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடித்து, உடலோடு அணைத்துத் தூக்குங்கள். இயன்மருத்துவரிடம் உடற்பயிற்சிகளைக் கேட்டுப் பழகுங்கள். வலி மாத்திரைகளை வைத்தியரைக் கேளாமல் தொடர்ந்து எடுத்தால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியது எப்போது?

சலம் கழிக்க முடியாமை, சலமோ மலமோ அறியாமல் வெளியேறுதல், மலவாசலையும் பிறப்புறுப்பையும் சுற்றி விறைத்தல், இரு கால்களும் பலமிழத்தல் ஆகியவை அவசர நிலை. அன்றே போக வேண்டும். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம். பாதம் தொங்கத் தொடங்கினாலும், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தாலும் பிந்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

"பழைய காயம்தானே, இப்படித்தான் இருக்கும்" என்று பல வருடங்களாக வலியோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். காயம் பழையதாக இருக்கலாம். அதற்கான வைத்தியத்தை இன்றும் தொடங்கலாம்.